பயிற்சியாளரின் விலையும் மதிப்பும்

கடந்த மாதம் திண்டிவனத்தில் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றுக்குச் சென்றுவிட்டுப் பேருந்தில் விழுப்புரம் திரும்பிக்கொண்டிருந்தேன். அருகில் வந்து அமர்ந்த ஒருவர், "ஐயா, என்னை நினைவிருக்கிறதா?" என்று கேட்டார். முகம் உடனே நினைவுக்கு வந்தது. பெயர் சற்றுத் தாமதமாக வந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இளங்கலைப் பொருளாதாரம் பயின்றவர். கல்லூரி வாலிபால் அணியில் ஆடியவர். பின்னர் உடற்கல்வியில் பட்டம் பெற்று, 2012-ஆம் ஆண்டில் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறார். அவர் மடியில் ஒரு வலைப்பை. அதில் நான்கு பந்துகள். மாணவியருக்காகத் தன் செலவில் வாங்கி வருவதாகச் சொன்னார்.

பேருந்து கூட்டேரிப்பட்டைத் தாண்டியபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். "அமெரிக்காவில் ஒரு கல்லூரிப் பயிற்சியாளருக்கு ஆண்டுக்குத் தொண்ணூறு கோடி ரூபாய்க்கு மேல் சம்பளம் என்று படித்தேன். உண்மையா ஐயா? உண்மையென்றால், நீங்கள் நடத்திய பொருளாதாரத்தில் அதற்கு என்ன விளக்கம்?"

"தேவையும் அளிப்பும்தான்" என்றேன். வகுப்பறைப் பழக்கம் அப்படிச் சொல்ல வைத்தது. அவர் சிரித்தார். "அப்படியென்றால் எங்கள் ஊருக்கு நான் தேவையில்லை என்று பொருளா?" என்று கேட்டார். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வந்துவிட்டது. என்னிடம் பதில் வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளாதாரம் நடத்தியவன் என்ற முறையில் அந்தப் பதிலுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அதற்கான முயற்சி.

தொண்ணூறு கோடியின் கணக்கு

முதலில் செய்தி உண்மைதானா என்று பார்ப்போம். உண்மைதான். அலபாமா பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளராக 2007 முதல் 2023 வரை பணியாற்றிய நிக் சேபன், தன் கடைசி ஆண்டில் 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் ஊதியம் பெற்றார். அன்றைய மாற்று மதிப்பில் அது 90 கோடி ரூபாய்க்கும் அதிகம். இங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும், எறியும், மோதும் அமெரிக்க ஆட்டம். சேபன் அலபாமாவுக்காக ஆறு முறையும், அதற்கு முன் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஒரு முறையும் தேசியப் பட்டம் வென்றவர்.

வெற்றி பெற்றவருக்குப் பெரும் ஊதியம் என்பதையாவது புரிந்துகொள்ளலாம். தோற்றவர்களின் கதை இன்னும் வியப்பானது. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், எதிர்பார்த்த வெற்றி கிடைக்கவில்லை என்று ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்சியாளரைப் பணியிலிருந்து நீக்கியது. 2031 வரை ஒப்பந்தம் இருந்ததால், நீக்குவதற்காக அவருக்குத் தர ஒப்புக்கொண்ட தொகை ஏறக்குறைய 7 கோடியே 60 லட்சம் டாலர். அதாவது 600 கோடி ரூபாய்க்கும் மேல். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அரசு ஊதியப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஆளுநர் அல்லர், நீதிபதி அல்லர், மருத்துவக் கல்லூரித் தலைவரும் அல்லர். அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளரே அந்த இடத்தில் இருக்கிறார்.

இதற்குத் தேவையும் அளிப்பும் என்ற விளக்கம் பாதி உண்மைதான். 1984-ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, கல்லூரி ஆட்டங்களின் தொலைக்காட்சி உரிமையை மையச் சங்கத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. அதன்பின் தொலைக்காட்சிப் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. ஒரு லட்சம் பேர் அமரும் அரங்குகள் கல்லூரி வளாகங்களுக்குள்ளேயே நிற்கின்றன. இந்த வருமானத்தை ஈட்டித் தருபவர்கள் களத்தில் ஆடும் மாணவர்கள். ஆனால் அவர்கள் 'தொழில்முறை சாராதவர்கள்' என்று சொல்லி, கல்வி உதவித்தொகைக்கு மேல் எதுவும் தரக் கூடாது என்று விதி இருந்தது.

ரிக்கார்டோவின் வாரக் கோட்பாட்டைப் படித்தவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். ஒரு தொழிலில் உபரி கொட்டுகிறது. அதை உண்டாக்கும் உழைப்பாளிக்குத் தரச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்றால், அந்த உபரி வேறெங்காவது போய்த் தேங்கியே ஆக வேண்டும். அது அரங்குகளிலும் ஆடம்பரப் பயிற்சிக் கூடங்களிலும் பயிற்சியாளர்களின் ஊதியத்திலும் போய்த் தேங்கியது. சேபனின் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தத் தொண்ணூறு கோடியில் ஒரு பங்கு, ஊதியம் பெறாத இருபது வயது இளைஞர்களுடையது. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2021-இல் அந்த விதிகளுக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் ஈட்டலாம் என்றாயிற்று. 2025 முதல் பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரவும் வழி பிறந்திருக்கிறது.

ஆகவே, அமெரிக்கப் பயிற்சியாளரின் விலை அவர் மதிப்பின் அளவுகோல் அன்று. இது என் மாணவருக்கான பதிலின் முதல் பாதி.

ஆசிரியராகத் தொடங்கிய பயிற்சியாளர்

இந்தப் பணி இப்படித் தொடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1892-இல் புதிதாகத் தோன்றிய சிகாகோ பல்கலைக்கழகம், ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்ற முப்பது வயது இளைஞரை விளையாட்டுத் துறைக்கு அழைத்தது. அவரை வெறும் பயிற்சியாளராக அன்றி, ஆசிரியர் குழுவில் நிரந்தர இடம் கொண்ட பேராசிரியராக நியமித்தது. தத்துவமும் வேதியியலும் கற்பிப்பவருக்கு என்ன தகுதியோ, அதே தகுதி உடலைப் பயிற்றுவிப்பவருக்கும் உண்டு என்பது அந்த நியமனத்தின் பொருள். ஸ்டாக் அங்கே 41 பருவங்கள் பணியாற்றினார். எழுபது வயதில் ஓய்வு பெற வைக்கப்பட்டபோது, வீட்டுக்குப் போகாமல் கலிபோர்னியாவில் ஒரு சிறிய கல்லூரிக்குப் பயிற்சியாளராகச் சென்றார். 102 வயது வரை வாழ்ந்தார்.

அவர் சென்ற பின், 1939-இல் சிகாகோ பல்கலைக்கழகம் தன் பெரிய கால்பந்து அணியையே கலைத்துவிட்டது. ஆட்டம் கல்வியை விழுங்கத் தொடங்கிவிட்டது என்று நிர்வாகம் கருதியது. வெறுமையாகக் கிடந்த ஸ்டாக் மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில்தான், 1942 டிசம்பர் 2-ஆம் தேதி, உலகின் முதல் அணு உலை இயக்கப்பட்டது. கல்வியில் முதலீடு செய்வதை 'மனித மூலதனம்' என்று பெயரிட்டு வளர்த்த தியோடர் ஷூல்ட்ஸ், கேரி பெக்கர் ஆகிய நோபல் அறிஞர்கள் பணியாற்றியதும் அதே பல்கலைக்கழகத்தில்தான்.

லூசியானாவில் கருப்பின மாணவர்களுக்கான கிராம்பிளிங் கல்லூரியில் எட்டி ராபின்சன் 1941-இல் பயிற்சியாளரானார்; 1997 வரை அங்கேயே இருந்தார். தொடக்க ஆண்டுகளில் மைதானத்துப் புல்லை அவரே வெட்டினார். வீரர்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டார். வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும்போது வழியில் உள்ள உணவகங்கள் கருப்பின இளைஞர்களை உள்ளே விடாது என்பதால், அவர்களுக்கான உணவையும் அவரே தயாரித்து எடுத்துச் சென்றார். 408 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். இருநூறுக்கும் மேற்பட்ட அவருடைய மாணவர்கள் தொழில்முறைக் கால்பந்துக்குச் சென்றார்கள். ஸ்டாக்கின் 41 ஆண்டுகளும் ராபின்சனின் அரை நூற்றாண்டும் நமக்குச் சொல்வது ஒன்றே: பயிற்சியாளரை உருவாக்குவது பணத்தைக் காட்டிலும் காலம், அவரை நம்பி ஓரிடத்தில் நிலைபெற விடும் நிறுவனம்.

சென்னைக்கு வந்த மரபு

இந்த மரபுக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதைப் பலர் அறியார். சிகாகோவுக்குச் செல்லும் முன் ஸ்டாக், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பணியாற்றினார். அங்கே அவருடைய அணியில் ஆடிய ஜேம்ஸ் நைஸ்மித்தான் 1891-இல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர். அதே பள்ளியில் பயின்ற வில்லியம் மார்கன் 1895-இல் வாலிபாலை உருவாக்கினார். அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற இன்னொரு அமெரிக்கர் ஹாரி குரோ பக். இவர் சென்னைக்கு வந்து 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். இன்று நந்தனத்தில் மரங்கள் சூழ நிற்கும் கல்லூரி அதுதான். ஆசியாவிலேயே உடற்கல்விக்கெனத் தோன்றிய முன்னோடிக் கல்லூரிகளுள் ஒன்று. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியை வழிநடத்தியவரும் பக்தான். 1943-இல் மறையும் வரை, இருபது ஆண்டுகளுக்கும் மேல், இந்த மண்ணிலேயே ஆசிரியர்களை உருவாக்கினார்.

நம் மாவட்டங்களின் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக விசில் ஊதிய 'டிரில் மாஸ்டர்'களின் தொழில்வழி மூதாதையர் அவர். திண்டிவனம் பேருந்தில் என் மாணவரின் மடியில் இருந்த பந்துக்கும், அவர் படித்த பட்டத்துக்கும் வேர் ஒன்றே. ஒரே மரத்தின் ஒரு கிளை தொண்ணூறு கோடியில் காய்த்தது. மறுகிளை நம் ஊரில் பகுதிநேரப் பணியாகக் காய்ந்தது.

ரஹீம் என்ற பள்ளி ஆசிரியர்

இந்தியாவில் இந்த மரபின் உச்சம் யார் என்று கேட்டால், சையது அப்துல் ரஹீம் என்பேன். 1909-இல் ஐதராபாத்தில் பிறந்த ரஹீம், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுப் பள்ளி ஆசிரியரானார். வகுப்பறையும் மைதானமும் அவருக்கு ஒன்றுதான். அவர் பயிற்சியளித்த ஐதராபாத் நகரக் காவல் அணி, பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. கல்கத்தாவின் பெரும் சங்கங்கள் கோலோச்சிய காலத்தில், காவலர்கள் ஆடிய ஓர் அணி செய்த சாதனை இது.

தேசிய அணியின் பொறுப்பை ஏற்ற அவர், 1951-இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றுத் தந்தார். அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற பெருந்தோல்வி. வெறுங்காலோடு ஆடிய வீரர்கள் அந்த அணியில் இருந்தார்கள். இந்தத் தோல்விக்குப் பிறகே காலணி கட்டாயமாக்கப்பட்டது.

வாசகர்கள் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். இன்றைய அமெரிக்கப் பல்கலைக்கழகமாயிருந்தால் மறுநாளே பயிற்சியாளரை மாற்றியிருக்கும். ரஹீமிடம் பொறுப்பு மீண்டும் தரப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடித்தார். அரையிறுதி வரை சென்று நான்காம் இடம் பெற்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸோடு 1-1 என்று சமன் செய்தது. தோல்விக்கும் வெற்றிக்கும் இடையே ஒரு பயிற்சியாளருக்குத் தரப்பட்ட நான்கு ஆண்டுகள் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1962-இல் ஜகார்த்தா ஆசியப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. இஸ்ரேலும் தைவானும் விலக்கி வைக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்ததால், உள்ளூர் மக்கள் இந்திய அணிமீது கடும் கோபத்தில் இருந்தார்கள். ரஹீமோ புற்றுநோயின் பிடியில் இருந்தார். தலையில் காயம்பட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை அவர் முன்களத்துக்கு மாற்றினார். செப்டம்பர் 4-ஆம் தேதி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரின் கூச்சலுக்கு நடுவே, இறுதி ஆட்டத்தில் அதே தென் கொரியாவை 2-1 என்று இந்தியா வென்றது. பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தார்கள். கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஐதராபாத்தில் வளர்ந்த தமிழர். வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் அணியில் உருவானவர்.

ஒன்பது மாதங்களுக்குப் பின், 1963 ஜூன் 11-ஆம் தேதி ரஹீம் காலமானார். ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா வென்ற கடைசித் தங்கம் அதுவே. 1960-க்குப் பின் ஒலிம்பிக் கால்பந்தில் இந்திய அணி ஆடவே இல்லை. சிகாகோ ஸ்டாக்குக்குத் தந்தது ஒரு பதவி. அவர் போனாலும் அந்தப் பதவி எஞ்சியிருந்தது. நாம் ரஹீமிடமிருந்து பெற்றுக்கொண்டது ஒரு மனிதரின் உழைப்பு. அவர் போனதும் எல்லாம் போயிற்று. அவரைப் பற்றி 2024-இல் இந்தியில் ஒரு திரைப்படம் வந்தது. திரைப்படம் எடுப்பது எளிது. ஓர் ஆசிரியர் விட்டுச்சென்ற வேலையைத் தொடரும் நிறுவனத்தைக் கட்டுவதுதான் கடினம்.

சந்தை காணாத பயன்

இப்போது என் மாணவருக்கான பதிலின் மறுபாதிக்கு வருகிறேன். அமெரிக்கப் பயிற்சியாளர் உண்டாக்கும் பயனுக்கு விலைச்சீட்டு உண்டு. நுழைவுக்கட்டணம், தொலைக்காட்சி உரிமம், விளம்பரம் என எல்லாம் பணமாக மாறி அவர் கணக்குக்கு வருகின்றன. நம் ஊர் உடற்கல்வி ஆசிரியர் உண்டாக்கும் பயன் வேறு வகை. எட்டாம் வகுப்போடு நின்றுவிடவிருந்த ஒரு பெண் குழந்தை, அணியில் இடம் கிடைத்ததால் பன்னிரண்டாம் வகுப்பு வரை வருகிறாள். மாலை நேரத்தில் சாராயக் கடைப் பக்கம் போகக்கூடிய ஓர் இளைஞன் மைதானத்துக்கு வருகிறான். சாதியின் பெயரால் ஒரே தெருவில் நடக்கத் தயங்கும் இரு ஊர்ப் பிள்ளைகள் ஒரே வலைக்கு இந்தப் பக்கம் சேர்ந்து நிற்கிறார்கள். இவற்றால் ஊர் முழுவதும் பயன் பெறுகிறது. ஆனால் யாரும் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வருவதில்லை.

பொருளாதாரத்தில் இதற்கு 'நேர்மறைப் புறவிளைவு' என்று பெயர். பயன் ஊருக்குப் போய், விலை உற்பத்தியாளருக்கு வராத பொருளைச் சந்தை எப்போதும் தேவைக்குக் குறைவாகவே உற்பத்தி செய்யும். தடுப்பூசியும் தெருவிளக்கும் தொடக்கக் கல்வியும் இந்த வகைதான். அவற்றுக்கு அரசு செலவிடுவது தருமம் அன்று, கணக்கு. ஆகவே, 'எங்கள் ஊருக்கு நான் தேவையில்லையா?' என்ற கேள்விக்குப் பதில்: தேவை உண்டு, அந்தத் தேவையைக் காணும் கண் சந்தைக்கு இல்லை. அந்தக் கண் அரசுக்கு இருக்க வேண்டும்.

அரசின் கண் எப்படி இருக்கிறது? 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். நூறு குழந்தைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கலை, உடல்நலம் மற்றும் உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் 'பகுதிநேரப் பயிற்றுநர்கள்' போதும் என்கிறது அது. குழந்தைகளின் உரிமையைப் பேசும் சட்டமே உடலைப் பகுதிநேரப் பாடமாக்கிவிட்டது. அதன் அடிப்படையில் தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள், வாரத்தில் மூன்று அரை நாட்கள் என்ற கணக்கில், மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். தொகை பின்னர் படிப்படியாக உயர்த்தப்பட்டது. ஆனால் பணி நிரந்தரம் கோரி அவர்கள் சென்னையில் போராடுவதை ஆட்சி மாறினாலும் நாம் பார்த்தே வந்திருக்கிறோம். என் மாணவர் அவர்களில் ஒருவர்.

கல்லூரிகளில் நிலைமை தாளில் சற்று மேல். உடற்கல்வி இயக்குநருக்கு உதவிப் பேராசிரியருக்கு இணையான ஊதிய விகிதத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் வழங்குகின்றன. ஸ்டாக்குக்குச் சிகாகோ தந்த அதே மரியாதை அது. ஆனால் நடைமுறையில் உடற்கல்வி இயக்குநர் என்றால் விழா நாளில் பந்தல் ஒழுங்கும், ஊர்வலத்தில் வரிசையும் பார்ப்பவர் என்றே நாம் பழகியிருக்கிறோம். பள்ளியிலோ, 'பி.டி. பீரியட்' என்பது கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்ளும் நேரம்.

நானும் அந்தப் பழக்கத்தின் ஒரு பகுதி. பேருந்தில் என் அருகே அமர்ந்தவர் மாணவராக இருந்தபோது, மண்டல அளவிலான போட்டிக்காகச் சில நாட்கள் வகுப்புக்கு வரவில்லை. உடற்கல்வி இயக்குநர் கையொப்பமிட்ட கடிதத்தோடு என் முன் வந்து நின்றார். "விளையாட்டு உனக்குச் சோறு போடாது" என்று சொல்லி, அந்த நாட்களுக்கு வருகைப்பதிவு தர மறுத்துவிட்டேன். குறைந்த வருகைக்கான அபராதத்தைக் கட்டியே அவர் தேர்வு எழுதினார். மனித மூலதனக் கோட்பாட்டை அந்தப் பருவத்தில் நடத்திக்கொண்டிருந்தவனும் நான்தான். பேருந்தில் அவர் இதைக் குறிப்பிடவே இல்லை. எனக்குத்தான் வழி முழுவதும் அந்தக் கடிதம் நினைவில் இருந்தது.

என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் விளையாட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024-இல் 'கேலோ இந்தியா' இளைஞர் போட்டிகளை நடத்தி, பதக்கப் பட்டியலில் இரண்டாம் இடமும் பெற்றோம். இவை பெருமைக்குரியவை. ஆனால் விழா என்பது அறுவடை; விதைப்பு அன்றாடம் நடப்பது. நம் பக்கத்து மாவட்டமான கடலூரில், 2004 சுனாமிக்குப் பிறகு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் கடலோரச் சிறுமியருக்குக் கால்பந்து கற்பிக்கத் தொடங்கினார். அந்த மண்ணிலிருந்து எழுந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். காவல் துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனார். 2018-இல் தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய மகளிர் கால்பந்துப் பட்டம் வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். எங்கோ ஒரு பயிற்சியாளர் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்றால் என்ன விளையும் என்பதற்கு நாம் சிகாகோ வரை போக வேண்டியதில்லை.

எனவே, தொண்ணூறு கோடியை நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டியவை நான்கு. முதலாவது, உடற்கல்வி ஆசிரியர் பணி முழுநேரப் பணியாக, நிரந்தரப் பணியாக இருக்க வேண்டும். இரண்டாவது, ஒரு பயிற்சியாளர் ஆறாம் வகுப்பில் தொட்ட குழந்தையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரையேனும் தொடரும் வகையில், இடமாற்றங்களில் தொடர்ச்சி காக்கப்பட வேண்டும். மூன்றாவது, உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்வதும், போட்டிக்குச் சென்ற மாணவருக்கு வருகைப்பதிவு மறுப்பதும் ஆசிரியரின் விருப்பத்துக்கு விடப்படக் கூடாது. நான்காவது, பயிற்சியாளரின் பணியைப் பதக்கத்தால் மட்டும் அளக்காமல், எத்தனை குழந்தைகளை அவர் மைதானத்திலும் பள்ளியிலும் நிலைக்க வைத்தார் என்பதாலும் அளக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நிலைத்தன்மை வேறு, கேள்வி கேட்க முடியாத அதிகாரம் வேறு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 46 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராகப் புகழோடு இருந்த ஜோ பட்டர்னோ, 2011-இல் பதவி நீக்கப்பட்டார். அவருடைய முன்னாள் உதவியாளர் சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியது வெளிவந்தபோது, வந்த புகார்மீது அவர் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று தெரியவந்ததே காரணம். மைதானத்தில் குழந்தையின் பாதுகாப்புக்கு மேல் எந்தப் பயிற்சியாளரின் புகழும் இருக்கக் கூடாது. நம் பெண் குழந்தைகள் மைதானத்துக்கு வர வேண்டுமானால் இது முதல் நிபந்தனை.

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது அவர் கடைசியாக ஒன்று கேட்டார். திண்டிவனம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை வருகிறது. இப்போதைய வருமானத்தைவிட அதிகம். மூத்த மகள் பத்தாம் வகுப்பு. பள்ளியை விட்டுவிடலாமா என்று கேட்டார். "நீங்கள் போய்விட்டால் அந்தப் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?" என்று சொல்ல வாய் வந்தது. நிறுத்திக்கொண்டேன். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நாம் நல்லாசிரியர்களின் குடும்பங்களிடமிருந்து ஊருக்கான மானியத்தை வசூலித்து வந்திருக்கிறோம். தனி மனிதரின் தியாகம் போற்றத்தக்கது. அதையே அரசின் கொள்கையாக வைத்துக்கொள்வது போற்றத்தக்கது அன்று.

"வீட்டில் பேசி முடிவெடுங்கள் தம்பி. போனாலும் உங்கள்மீது குற்றமில்லை" என்றேன். "சனிக்கிழமை மாவட்ட விளையாட்டு அரங்கில் பிள்ளைகளுக்கு ஆட்டம் இருக்கிறது. வந்து பாருங்கள் ஐயா" என்று சொல்லிவிட்டுப் பந்துகளோடு நகரப் பேருந்தை நோக்கி நடந்தார்.

சனிக்கிழமை சென்றேன். அவருடைய அணி முதல் சுற்றிலேயே தோற்றது. பன்னிரண்டு சிறுமியரும் அவரைச் சுற்றி அமர்ந்து, எந்தப் பந்தை எப்படி எடுத்திருக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த வரவு செலவுத் திட்ட அறிக்கையிலும் இடம்பெறாத அந்த அரை மணி நேர வகுப்பைத்தான் நாம் இழந்துவிடக் கூடாது.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), விழுப்புரம்.